சயான்–டிராம்பே சாலையும் திருடப்படும் ஆயுதமும்: இந்திய அறிவியல் புனைவுப் படங்கள் கேட்காத கேள்வி

மும்பையில் சயானிலிருந்து டிராம்பே நோக்கிச் செல்லும் சாலை தமிழர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையது. அதன் தொடக்கத்திற்கு அருகில் தாராவியும் மாட்டுங்காவும் உள்ளன, இடையில் செம்பூர். 1948இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோ செம்பூரில் இச்சாலையின் ஓரத்தில்தான் இருந்தது. சாலை சென்று சேரும் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கு 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1960இல் கனடாவின் உதவியோடு சிரஸ் உலை வந்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த சாதனத்தின் புளூட்டோனியம் சிரஸ் உலையிலிருந்து பெறப்பட்டது.

படப்பிடிப்புத் தளமும் அணுவெடிப்புக்கு மூலப்பொருள் தந்த உலையும் ஒரே சாலையை ஒட்டி இருந்தன. ஆயினும் இந்தியாவின் அறிவியல் புனைவுத் திரைப்படம் அச்சாலையின் மறுமுனையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இம்மௌனம் தற்செயலானதன்று.

ஜப்பானோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிர்வீச்சு, ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீது விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘கோட்சில்லா’ வெளியானது. அப்படத்தில் கோட்சில்லாவை அழிக்கவல்ல ஆயுதம் செரிசாவா என்னும் விஞ்ஞானியிடம் இருக்கிறது. அவர் தம் ஆய்வுக் குறிப்புகளை எரித்துவிட்டு, ஆயுதத்தை ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தாமும் மடிகிறார். செய்யும் ஆற்றல் இருப்பதாலேயே ஒன்றைச் செய்துவிடலாமா என்பது அப்படத்தின் கேள்வி. குண்டுக்கு இரையான சமூகம் எழுப்பிய கேள்வி அது.

இந்தியாவில் அணு அறிமுகமான விதம் வேறு. நேருவும் ஹோமி பாபாவும் அதை மின்சாரமாகவும் மருத்துவமாகவும், புதிய தேசத்தின் தன்னம்பிக்கையாகவும் முன்வைத்தனர். 1974 வெடிப்புக்கூட ‘அமைதிநோக்கு அணுவெடிப்பு’ என்றே அழைக்கப்பட்டது. திரையிலும் தொழில்நுட்பம் முதலில் அச்சமாக வரவில்லை. 1963இல் அ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில் வேற்றுக்கோளத்தார் புவியைத் தாக்க வருவதில்லை. அவர்களிடம் அறிவியல் உண்டு. இசையும் நடனமும் இல்லை. ஆகவே பானுமதி ஏற்ற கலைஞரின் பாத்திரத்தைக் கடத்திச் செல்கிறார்கள். இயந்திரத்தில் முன்னேறியும் கலையில் வறியதாகிப்போன சமூகம் என்னும் அக்கற்பனை எளிமையானது. ஆனால் மனிதர் யார் என்ற கேள்விக்கு அதில் ஒரு விடை இருந்தது.

அடுத்த கால் நூற்றாண்டில் ஆயுதம் திரைக்கு வந்தது. 1986இல் ராஜசேகர் இயக்கத்தில் வெளியான ‘விக்ரம்’ படத்தின் எழுத்தில் பங்கேற்ற சுஜாதா, பாதுகாப்புத் துறைக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர். கதையில் ‘அக்னிபுத்ரா’ என்னும் ஏவுகணை கடத்தப்படுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1989 மே மாதத்தில், உண்மையான அக்னி ஏவுகணை முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. 1987இல் வெளிவந்த ‘மிஸ்டர் இந்தியா’வில் மொகாம்போ இந்தியாவின் மீது ஏவுகணைகளைக் குறிவைக்கிறான்.

இரு படங்களுக்கும் பொதுவான தர்க்கம் ஒன்று உண்டு. ஆயுதம் தீயது அன்று. அது தீயவன் கையில் இருப்பதே தீது. வில்லன் வீழ்ந்தால் சிக்கல் தீர்கிறது. அரசின் கையில் இருக்கும்போது அதே ஏவுகணை யார் மீது விழும் என்பதைக் கதை கேட்பதில்லை. திருட்டு என்னும் கதைமுடிச்சே அக்கேள்வியை மறைக்கும் திரையாகிறது.

2010இல் வந்த ‘எந்திர’னும் மேலோட்டமாக இதே வார்ப்பில் அமைந்ததே. சிவப்புச் சில்லைப் பொருத்தி அழிவுக் கருவியாக்கும் போரா என்னும் வில்லன் அதிலும் உண்டு. ஆனால் அதன் முற்பகுதி வேறு திசையில் செல்கிறது. வசீகரன் சிட்டியை உருவாக்குவதே இராணுவத்திற்காக. நன்மை தீமை அறியாமல் ஏவியதைச் செய்யும் என்பதால் முதலில் அது நிராகரிக்கப்படுகிறது. உணர்ச்சி ஊட்டப்பட்ட பின்னரோ, இராணுவ அதிகாரிகள் முன் போர்த்திறனைக் காட்டாமல் காதலைப் பேசியதால் மீண்டும் நிராகரிக்கப்படுகிறது. அதனைத் துண்டுதுண்டாக வெட்டி எறிபவன் வில்லன் அல்லன், படைத்தவனே.

அதாவது, உணராத இயந்திரத்தை நம்ப முடியாது. உணரும் இயந்திரம் போருக்கு உதவாது. இம்முரண் சிட்டியோடு நிற்பதில்லை. சிப்பாயாக்கப்படும் ஒவ்வொரு மனிதருக்கும் இது பொருந்தும். ஏவலுக்கு இணங்க வேண்டும், ஆனால் மனச்சாட்சியும் வேண்டும் என்று போர் மனிதரிடம் கேட்பதைத்தான் படம் இயந்திரத்திடம் கேட்டுப் பார்க்கிறது. சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்தார். அவர் வசனத்தில் பங்களித்த அப்படம் அதன் பின்னரே திரைக்கு வந்தது.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் அரோரா திரையரங்கம் ரஜினிகாந்த் படங்களின் முதல்நாள் காட்சிகளுக்குப் பெயர்பெற்றது. தாராவியின் தோல் தொழிலாளரும் செம்பூரின் அலுவலகப் பணியாளரும் ஒரே நட்சத்திரத்தைக் கொண்டாடியவர்கள். சிட்டியின் ஆயிரம் வடிவங்கள் ஒன்றுசேர்ந்து சுடும் இறுதிக் காட்சியே பெரிதும் நினைவில் நின்றது. காதலைப் பேசியதற்காக வெட்டப்பட்ட காட்சி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1998 பொக்ரான் சோதனைகளைக் கொண்டாடி 2018இல் வெளியான ‘பரமாணு’, இரகசியத்தைக் காத்த திறமையையே வீரமாகக் காட்டியது. அதிலும் டிராம்பேயின் அறக்கேள்வி எழவில்லை.

அக்கேள்வி இன்று கற்பனையன்று. மனிதக் கட்டளையின்றித் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் குறித்து 2014 முதல் ஜெனிவாவில் பேச்சுகள் நடைபெறுகின்றன. இவ்வாயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் வந்த தீர்மானத்தை 150க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவ்வாக்கு இந்தியத் திரையிலோ பொதுவெளியிலோ பெரிய விவாதம் எதையும் எழுப்பவில்லை.

வில்லன் திருடிச் செல்லும் ஆயுதத்தை மட்டுமே காணப் பழகிய கண்களுக்கு, முறைப்படி செய்யப்பட்டு, முறைப்படி ஒப்படைக்கப்படும் ஆயுதம் ஒரு சிக்கலாகவே தோன்றாது. ‘கலை அரசி’ முதல் ‘எந்திரன்’ வரையிலான படங்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்காமல் வரலாற்றுச் சான்றுகளாக வாசிக்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது. அவை காட்டியவற்றோடு, காட்ட மறுத்தவற்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.