சந்தேகத்தில் பிறந்த சிகிச்சை

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். சூடேறியதும் அது வெள்ளையாகத் திரிந்தால் புரதம் கசிகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்கள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. 1827இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். நோயைக் கண்டுபிடிக்கும் வித்தை அன்றே கைக்கு வந்துவிட்டது. நோயின் வேகத்தைக் குறைக்கும் வித்தை வர இன்னும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நடுவில் டயாலிசிஸ் வந்தது, மாற்றுச் சிறுநீரக அறுவை வந்தது. இரண்டும் உறுப்பு செயலிழந்தபின் கைகொடுப்பவை. பாம்பு நஞ்சை ஆராயப்போய்க் கிடைத்த கேப்டோப்ரில், டைப் 1 சர்க்கரை நோயாளிகளில் மரணம், டயாலிசிஸ், மாற்று அறுவை ஆகியவற்றின் அபாயத்தைப் பாதியாக்குகிறது என்று 1993இல் நிரூபணமானது. 2001இல் லோசார்டானும் இர்பெசார்டானும் அதே பாதையில் டைப் 2 நோயாளிகளுக்கு வழி திறந்தன. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் வறட்சி. 2019இல் அது முடிவுக்கு வந்ததற்கான பெருமையில் பெரும்பங்கு ஓர் அரசு அலுவலகத்தின் சந்தேகத்துக்குச் சேரவேண்டும் என்பது என் கட்சி.

அந்த வறட்சியை முடித்த மருந்தின் கதை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1835இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சின்கோனா பட்டையைப் போலக் கசந்ததால் காய்ச்சலுக்கு ஆகும் என்று எண்ணினார்கள். 1886இல் ஜெர்மானிய மருத்துவர் ஜோசஃப் ஃபான் மெரிங், இதைக் கொடுத்தால் நாய்களின் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார். (மூன்றாண்டு கழித்து, கணையத்தை எடுத்துவிட்டால் சர்க்கரை நோய் வரும் என்பதை சக ஆய்வாளர் மின்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து காட்டியவரும் இவரே.) இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும் பொருள் கையில் இருந்தும், நூறாண்டுகள் அதை யாரும் மருந்தாக எண்ணவில்லை. சிறுநீரில் சர்க்கரை போவதே நோயின் அடையாளம் என்றிருந்த காலத்தில் அதை வேண்டுமென்றே வரவழைப்பது விபரீதமாகத் தோன்றியிருக்கும். ஆய்வகக் கருவியாகவே ஃப்ளோரிசின் காலம் தள்ளியது. 1987இல் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் அது இரத்தச் சர்க்கரையைச் சீராக்கியது தெரிந்தபின்தான் மருந்து நிறுவனங்கள் திரும்பிப் பார்த்தன. வாய்வழி கொடுத்தால் குடலில் சரியாக ஏறாது, வயிற்றுப்போக்கும் வரும் என்பதால் அதன் வடிவத்தை மாற்றி டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று மாத்திரைகள் செய்தார்கள். அமெரிக்காவில் 2013, 2014 ஆண்டுகளில் இவை விற்பனைக்கு வந்தபோது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளாகவே வந்தன. அந்த வேலையிலும் இவை பெரிய சூரர்கள் அல்ல. சிறுநீரகம் பழுதடைந்தவரிடம் சர்க்கரை குறைவது இன்னும் சொற்பம் என்பதால், அப்படிப்பட்டவர்களுக்கு இவை வேண்டாம் என்றுதான் முதலில் எழுதிவைத்தார்கள்.

இந்த மாத்திரை சிறுநீரகத்தில் என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் இறங்கும் சர்க்கரையையும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. சர்க்கரையோடு சோடியமும் கூடவே இழுபடுகிறது. சர்க்கரை நோயாளியிடம் இந்த இழுப்பு அதிகம். அதனால் வடிகட்டிய நீர் ஓடும் குழாயின் பிற்பகுதியில் உள்ள உணரிக்கு வந்துசேரும் சோடியம் குறைகிறது. வடிகட்டல் போதவில்லை என்று அது முடிவு கட்டி, வடிகட்டிக்குள் வரும் இரத்தக்குழாயை விரித்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கிய வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் சாகின்றன. மாத்திரை அந்த இழுப்பைத் தடுத்தால் சோடியம் உணரியைச் சென்றடையும், இரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் வடிகட்டும் அளவும் சற்றுக் குறையுமல்லவா? ஆகவே மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் இரத்தப் பரிசோதனை அறிக்கையில், வடிகட்டல் குறைந்தால் இரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியே காட்டும். "உப்பு ஏறிடுச்சு, கிட்னிக்கு ஆகல" என்று மாத்திரையை நிறுத்திவிடத் தூண்டும் எண் அது.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு மருந்தும் சோதனையில் இருந்தது. பார்டாக்சொலோன் என்ற அந்த மருந்தைக் கொடுத்தவுடன் வடிகட்டும் திறனுக்கான எண் ஏறியது. 2011இல் வெளியான முடிவைப் பார்த்துச் சிறுநீரக மருத்துவர்கள் பலர் மகிழ்ந்துபோனார்கள். பிறகு 2,000 பேருக்கு மேல் சேர்த்து, எண்ணை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடர்ந்த பெரிய சோதனையை 2012இல் பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடியிருந்தது. வடிகட்டும் திறனின் எண்ணை உயர்த்திய மருந்து கெடுத்தது, எண்ணைத் தாழ்த்திய மருந்து காத்தது. ஆய்வக அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் நாம் முதலாவதை எடுத்து இரண்டாவதைத் தூர எறிந்திருப்போம்.

எறியாமல் காப்பாற்றியது 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விடுத்த வழிகாட்டுதல். அதற்கு முந்தைய ஆண்டு, பெரிதும் விற்றுக்கொண்டிருந்த ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை மாரடைப்பு அபாயத்தை 43 சதவீதம் கூட்டுவதாக ஸ்டீவன் நிஸ்ஸனும் கேத்தி வோல்ஸ்கியும் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார்கள். சர்க்கரையைக் குறைத்தாலே போதும் என்று உரிமம் கொடுத்துவந்த அதிகாரிகளுக்குத் தலைகுனிவு. இனிப் புதிய சர்க்கரை மருந்து எதுவானாலும் இதயத்துக்குத் தீங்கு செய்யாது என்று பல ஆயிரம் பேரிடம், ஆண்டுக்கணக்கில் காட்டவேண்டும் என்று விதித்தார்கள். கேட்டது அவ்வளவுதான், நன்மையைக் காட்டச் சொல்லவில்லை. அந்தக் கட்டாயத்தில் நடந்த சோதனை ஒன்றில், 7,020 பேரிடம் எம்பாகிளிஃப்ளோசின் இதயநோய் மரணத்தை 38 சதவீதம் குறைத்தது 2015இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அதே தரவில் சிறுநீரகமும் மெதுவாகவே கெடுவது தென்பட்டது. பிறகு சிறுநீரகத்தையே குறிவைத்துச் சோதனைகள் நடந்தன. 2019இல் கானாகிளிஃப்ளோசின் 4,401 சர்க்கரை நோயாளிகளிடம் முக்கிய அபாயத்தை 30 சதவீதம் குறைத்தது. 2020இல் டாபாகிளிஃப்ளோசின் 4,304 பேரிடம் 39 சதவீதம் குறைத்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. பலன் தெளிவாகிவிட்டதால் இரண்டையும் குறித்த காலத்துக்கு முன்பே முடித்தார்கள். பங்கேற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கேப்டோப்ரில் வகை அல்லது லோசார்டான் வகை மாத்திரையையும் எடுத்துவந்தவர்கள். அதாவது, பழைய பலனுக்கு மேல் கிடைத்த பலன் இது.

இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம், கிணறு வெட்டப் புதையல் கிடைத்த கதை என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும்; கிணறு வெட்டு என்று கட்டாயப்படுத்தியவர் யார் என்பதே கேள்வி. நிறுவனங்கள் தாமாக இத்தனை பெரிய சோதனைக்குச் செலவழித்திருக்கும் என்பதற்கு 2008க்கு முந்தைய வரலாற்றில் ஆதாரம் குறைவு. உடலியல் அறிஞர்களின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வடிகட்டியில் ஏறும் அழுத்தமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பேரி பிரென்னர் குழு 1982இலேயே எழுதியாயிற்று. டைப் 1 நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசின் அந்த மிகை வடிகட்டலைத் தணிப்பதை 2014இல் அளந்தும் காட்டியாயிற்று. விதி இல்லாவிட்டாலும் அறிவு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்பார்கள். சேர்த்திருக்கலாம். ஆனால் பார்டாக்சொலோனுக்குப் பின்னாலும் அறிவியல் விளக்கம் இருந்தது. எந்த விளக்கம் மெய் என்று தீர்ப்புச் சொன்னவை, டயாலிசிஸுக்குப் போனவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று எண்ணிப் பார்த்த சோதனைகள். மூன்றாவதாக, விதிக்கு வித்திட்ட சந்தேகமே தவறோ என்ற கேள்வி. ரோசிகிளிட்டசோனின் தரவை மறுபடி அலசியபின் 2013இல் அதே நிர்வாகம் அதன்மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது உண்மை. தொடக்கக் குற்றச்சாட்டு எத்தனை மங்கினாலும், அது கேட்கவைத்த கேள்வியின் மதிப்பு குறையவில்லை. நன்மையைப் போலவே தீமையையும் அந்தக் கேள்வி வெளிக்கொணர்ந்தது: 2017இல் கானாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களிடம் கால் விரல், பாதம் நீக்கும் அறுவை கூடுதலாகத் தெரிந்ததும் அத்தகைய சோதனையில்தான்.

2020 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றது. இதயத்துக்குக் கூடுதல் அபாயம் தெரியவரவில்லை, எனவே இவ்வளவு செலவு எதற்கு என்பது அப்போது பேசப்பட்ட நியாயம். அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்தது. உள்ளூர் நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரிக்க, விலை சரிந்தது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் அதுவே நடந்தது. மாத்திரை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இலங்கையின் அனுராதபுரம், மதவாச்சிப் பக்கம் 1990களிலிருந்து நெல் விவசாயிகளைத் தாக்கிவரும் காரணம் தெரியாத சிறுநீரக நோயில் சர்க்கரையும் கிடையாது, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் அதிகம் போகாது. 2020இன் டாபாகிளிஃப்ளோசின் சோதனையில் சேர, சிறுநீரில் புரதம் போகவேண்டும் என்பது நிபந்தனை. பிரைட்டின் கரண்டியில் திரியாத சிறுநீர் உடையவர்கள் அதற்குள் நுழையவே முடியாது. புரதம் குறைந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட பிந்தைய எம்பாகிளிஃப்ளோசின் சோதனையில் அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைத்த பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. அந்த விவசாயிகளுக்கு இம்மாத்திரை உதவுமா என்பதை அவர்களிடமே சோதித்துத்தான் சொல்லமுடியும். காப்புரிமை போய் விலை விழுந்த மாத்திரையை வைத்து அப்படியொரு சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் லாபம் கிடையாது. நடத்தியே ஆகவேண்டும் என்று சொல்ல இப்போது எந்த விதியும் கிடையாது.