நாட்பட்ட களைப்பு நோய்: அன்றாட மேலாண்மை

நாட்பட்ட களைப்பு நோய் என்பது ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, ஓய்வெடுத்தும் தீராத கடுங்களைப்பால் இயல்பு வாழ்வை முடக்கும் நோய். சிறு உழைப்புக்குப் பிறகும், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து, தொல்லைகள் பெருகுவது இதன் தனி அடையாளம். புத்துணர்வு தராத உறக்கம், நினைவு மங்கல், நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவையும் உண்டு. இதை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இல்லை; இரத்தசோகை, தைராய்டு குறைபாடு முதலியவற்றை முதலில் விலக்கிப் பார்க்கவேண்டும்.

இந்நோய் இப்பெயரில் 1988இல் அமெரிக்காவில் வரையறுக்கப்பட்டது. கோவாவில் 2,494 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு, சுமார் 12 விழுக்காட்டினரிடம் ஆறு மாதம் கடந்த களைப்பைக் கண்டது. அவர்கள் அனைவருக்கும் இந்நோய் என்று கொள்ளலாகாது.

குணமாக்கும் மருந்து இல்லாததால், இருக்கும் தெம்பைப் பங்கிட்டுச் செலவிடுவதே மேலாண்மையின் மையம். எடுத்துக்காட்டாக, மும்பையை அடுத்த தாணேயிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வரை, நெரிசல் நேர லோக்கல் ரயிலில் நின்றபடி செல்லும் ஏறத்தாழ 34 கி.மீ. பயணம் ஒன்றே நோயாளியின் அன்றைய தெம்பைத் தீர்த்துவிடக்கூடும். கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து செல்வதும், காய் நறுக்குவதைக்கூட அமர்ந்தே செய்வதும், களைப்பு வருமுன்பே படுத்துக்கொள்வதும் உதவும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் விட்ட வேலையெல்லாம் முடிக்க முனைவதே பலர் செய்யும் பிழை. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிச் சிகிச்சையைப் பிரிட்டனின் 2021 மருத்துவ வழிகாட்டி கைவிட்டது. இந்நோய் சோம்பல் அன்று. வீட்டார் வேலையைப் பகிர்ந்துகொள்ளவேண்டும்.