டெர்ரி ஃபாக்ஸ் சிலையும் மாரியப்பன் தாண்டிய உயரமும்

குலசேகரன்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி வரை பஸ்ஸில் போனால் வழியில் எத்தனை சிலைகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தலைவர்கள், மன்னர்கள், விடுதலை வீரர்கள் என்று நிறையவே வரும். விளையாட்டு வீரர்கள் மிகக் குறைவு. அதிலும் உடல் ஊனமுற்ற விளையாட்டு வீரர்? மற்ற நாடுகளில் இவர்களுக்குச் சிலையும் நினைவுச் சின்னமும் எப்படி வந்தன என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் கனடா. டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞருக்கு 1977இல் எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை எடுத்துவிட்டார்கள். அதன்பின் சக்கர நாற்காலி கூடைப்பந்து ஆடினார். 1980 ஏப்ரல் 12 அன்று, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகச் செயற்கைக் காலுடன் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓட ஆரம்பித்தார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். தண்டர் பே நகருக்கு அருகில் வந்தபோது, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில் 22 வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே தண்டர் பேயில் வெண்கலச் சிலை வைத்தார்கள். செயற்கைக் கால் அதில் அப்படியே தெரியும்.

வான்கூவரில் நடந்ததுதான் சுவாரசியம். அங்கே 1984இல் அவர் நினைவாக ஒரு பெரிய வளைவு கட்டினார்கள். மக்களுக்கு அது பிடிக்கவே இல்லை. ஓடியவனை விட்டுவிட்டு வளைவை வைத்து என்ன செய்வது? கடைசியில் அதை இடித்துவிட்டு, 2011இல் டக்ளஸ் கூப்லண்ட் செய்த நான்கு வெண்கலச் சிலைகளை வைத்தார்கள். நான்கும் டெர்ரிதான். அவர் நொண்டி ஓடிய ஓட்டத்தின் நான்கு நிலைகள், ஒன்றைவிட ஒன்று பெரியதாக இருக்கும். நல்ல காலால் ஒரு சின்னத் தாவல், பிறகு செயற்கைக் காலால் ஓர் எட்டு என்பதுதான் அவருடைய ஓட்டம். அதை மறைத்துவிட்டால் அவர் செய்த காரியமே மறைந்துவிடும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு இளம்பிள்ளைவாதம். 1997இல் வாஷிங்டனில் திறந்த அவரது நினைவகத்தில் அது பளிச்சென்று தெரியவில்லை என்று ஊனமுற்றோர் அமைப்புகள் போராடின. 2001இல்தான் சக்கர நாற்காலியில் அமர்ந்த சிலை வந்தது.

இனி இங்கிலாந்து. 2012 லண்டன் போட்டிகளில் தங்கம் வென்ற தங்கள் நாட்டு வீரர் ஒவ்வொருவருக்காகவும் ஒரு தபால் பெட்டிக்குத் தங்க வர்ணம் பூசினார்கள். ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்கும் ஒரே மரியாதை. ஆனால் தபால் தலையில் முதலில் பாகுபாடு இருந்தது. ஒலிம்பிக் வீரருக்குத் தனித்தனித் தலை, பாராலிம்பிக் வீரர்களுக்குச் சேர்த்து ஆறே தலை என்றார்கள். மக்கள் கண்டித்த பிறகு எல்லோருக்கும் தனித் தலை கிடைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடெல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். பத்மஸ்ரீ கிடைத்தது 2018இல். 46 வருஷம்! 2024இல் அவர் வாழ்க்கை சினிமாவாக வந்த பிறகுதான் பலருக்குப் பெயரே தெரிந்தது.

நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கியவர். தாயார் காய்கறி விற்றவர். உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம் (1.89 மீட்டர்), 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி (1.86), 2024 பாரிஸில் வெண்கலம் (1.85). பாரிஸில் பாட்மிண்டனில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என்று மூன்று தமிழ்ப் பெண்களும் பதக்கம் வாங்கினார்கள்.

ஊனத்தை மறைக்காமல் போற்றுவது நமக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையை நினைத்துப் பாருங்கள். சரியாகப் பேச வராதவர். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பியவர். அவருடைய சிறு சைகையையும் மக்கள் கட்டளையாக ஏற்றார்கள் என்று எதிரிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷே எழுதியிருக்கிறார். அந்த நவம்பரில் தூக்கிலிட்டார்கள். இயற்பெயர் குமாரசாமி. ஆனால் ஊமை என்ற சொல்லோடுதான் இன்றும் மரியாதையாகச் சொல்கிறோம்.

சிலைக்கு நிறையப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். அதனால் எனக்கு ஒரு சின்ன யோசனை. ஊர்தோறும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 1.89 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மாரியப்பன் தாண்டுகிற படம் வரையலாம். ஆறடி இரண்டு அங்குலம். வளைந்த கால் படத்தில் தெரிய வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் கிட்டே போய்ப் பார்க்கும்படி சாய்தளம் இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற பையன் கோட்டுக்குக் கீழே நின்று தலைக்கு மேல் கையை வைத்து அளந்து பார்ப்பான். பரிதாபம் வராது, "இவ்வளவு உயரமா!" என்றுதான் தோன்றும்.