எந்த நுளம்பு?

கையில ஒரு நுளம்பு வந்து குந்தினால் நாங்கள் அதை உற்றுப் பார்ப்பதில்லை. ஒரே அடி, அவ்வளவுதான். ஆனால் அதை அடிக்காமல், அதன் செட்டையிலும் காலிலும் என்ன இருக்கிறது எண்டு பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய கதையில் எங்கட நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு.

1895இல் ரொனால்ட் ரொஸ் என்ற இராணுவ வைத்தியர் செகந்திராபாத்தில் நுளம்புகளை வெட்டிப் பார்க்கத் தொடங்கினார். மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் எங்கேயோ வளர்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. இரண்டு வருடமாகியும் ஒண்டும் கிடைக்கவில்லை. கண்ணிலோ நுணுக்குக்காட்டியிலோ பிழை இல்லை. பிழையான நுளம்பை வெட்டிக்கொண்டிருந்தார். பூச்சிகளைப் பற்றி முறையாகப் படித்தவரும் இல்லை. ஆகவே தோற்றத்தைப் பார்த்துத் தானே பெயர் வைத்தார்: சாம்பல் நுளம்பு, வரி நுளம்பு, புள்ளிச் செட்டை நுளம்பு. 1897 ஆகஸ்ட்டில், உதவியாளர்கள் பிடித்துவந்த குடம்பிகளிலிருந்து இந்த மூன்றாவது வகை வெளிவந்தது. ஹுசைன் கான் என்ற நோயாளி ஒரு கடிக்கு ஓரணா வாங்கிக்கொண்டு அவற்றுக்கு இரத்தம் கொடுத்தார். ஆகஸ்ட் 20ஆம் திகதி, ஒரு நுளம்பின் இரைப்பைச் சுவரில் ரொஸ் தேடியது தெரிந்தது. 1902இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஓரணா வாங்கினவரை எத்தனை பேர் நினைக்கினம் எண்டது வேற கதை.

இத்தாலிய விலங்கியலாளர் கிராசிக்கு இது பொறுக்கவில்லை. 'புள்ளிச் செட்டை' எண்டால் எது? எந்த இனம் எண்டு சொல்லாவிட்டால் இன்னோர் ஊரில் இருப்பவன் எதைத் தேடுவான்? இருவரும் ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். பரிசு யாருக்கு எண்டதை விடுங்கோ, இந்தக் கேள்வியில் நியாயம் கிராசி பக்கம்தான். மனித மலேரியாவைக் காவுவது அனோபிலிஸ் எண்டு 1898இல் பெயர் சொல்லிக் காட்டியவர் அவர்.

ஆனால் அந்தப் பெயரும் போதவில்லை. ஐரோப்பாவில் சில ஊர்களில் அதே அனோபிலிஸ் மக்குலிபெனிஸ் நிறைய இருந்தது, மலேரியா இல்லை. பக்கத்து ஊரில் சனம் காய்ச்சலில் செத்தது. செட்டை, கால், உணர்கொம்பு எல்லாம் ஒரே மாதிரி. விடையைக் கண்டவர் பெரிய பேராசிரியர் இல்லை. ஃபல்லரோனி என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர். அவர் நுளம்பைப் பார்க்காமல் முட்டையைப் பார்த்தார். முட்டைகளின் மேல் வெவ்வேறு கோலங்கள்; ஒரு பெண் நுளம்பு எப்போதும் ஒரே கோலத்தில்தான் இட்டது. 1926இல் அவற்றைப் பிரித்து, தனக்குத் தெரிந்த இரண்டு சுகாதார அதிகாரிகளின் பெயரை வைத்தார்: லப்ராங்கியே, மெசியே. முதலாவது ஆபத்தானது. இரண்டாவது பெரும்பாலும் மாடுகளைத்தான் கடித்தது. ஒரே உருவத்துக்குள் பல இனங்கள் இருந்திருக்கின்றன.

இதெல்லாம் புத்தகப் பூச்சிகளின் வேலை எண்டு நினைப்பவர்கள் 1934ஐப் பார்க்க வேணும். அந்த வருடம் தென்மேல் பருவமழை பொய்த்தது. கேகாலை, குருநாகல் பக்கத்து ஆறுகள் ஓட்டம் நின்று மணலில் குட்டை குட்டையாகத் தேங்கின. வழமையாக வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் குடம்பிகள் அந்தக் குட்டைகளில் பெருகின. அவை அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். இலங்கையின் முக்கிய காவி இதுதான் எண்டு பூச்சியியலாளர் கார்ட்டர் 1920களிலேயே காட்டியிருந்தார். ஈரவலயத்துச் சனத்துக்கு மலேரியா எதிர்ப்புச் சக்தி குறைவு, பலருக்குச் சாப்பாடும் இல்லை. சுமார் ஏழு மாதத்தில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். இந்த நுளம்பின் விலங்கியல் பெயருக்கு 'கியூலெக்ஸின் தோற்றமுடையது' எண்டுதான் அர்த்தம். சாதாரண வீட்டு நுளம்பைப் போல இருப்பதால் வந்த பெயர். மற்ற அனோபிலிஸ்கள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குந்தும். இது அவ்வளவாகத் தூக்காது.

பிறகு இந்தக் கியூலிசிஃபேசிஸும் ஒரு இனம் இல்லை, ஏ முதல் ஈ வரை ஐந்து எண்டு தெரியவந்தது. இலங்கையில் இருப்பது பீயும் ஈயும். இரண்டையும் எவ்வளவு பெரிய நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. பெண்ணைப் பிடித்து, முட்டையிட வைத்து, பிறக்கும் ஆண் பிள்ளைகளின் வை நிறமூர்த்தத்தின் வடிவத்தைப் பார்க்க வேணும். மலேரியாவைக் காவுவதில் ஈதான் கெட்டிக்காரன்.

2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லாமல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழ் கிடைத்தது. நிறைய நாள் நிம்மதியாக இருக்கவில்லை. டிசெம்பரில் மன்னார்க் கிணறுகளில் எடுத்த குடம்பிகளில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி இருந்தது. இந்திய நகரங்களில் மலேரியா காவும் நுளம்பு. இலங்கையில் அதுவரை பதிவாகாதது. பிறகு யாழ்ப்பாண நகரத்திலும் அகப்பட்டது. ஆற்றுக் குட்டை இதற்குத் தேவையில்லை, கிணறும் சீமெந்துத் தொட்டியும் காணும்.

வளர்ந்த நுளம்பில் அதைக் காட்டிக்கொடுப்பது கால்களிலும் வாய்ப்பக்கத்து உணரிகளிலும் தெளித்துவிட்டது போல இருக்கும் வெள்ளைப் பொட்டுகள். எங்கட ஊரில் நிறைய இருக்கும் சப்பிக்டஸுக்கு அது இல்லை. பொட்டு என்பது செதில்தான், பொறியில் அடிபட்டால் கொட்டிவிடும். அப்படிக் கொட்டினதுகளை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். மற்றதுகளை இப்பவும் ஒவ்வொண்டாக எடுத்து, குனிந்து, காலைத்தான் பார்க்கிறார்கள்.