பெல்லரோஃபோன்: ஒரு கப்பலின் இரு வாழ்க்கை

கிரேக்கப் புராண வீரனின் பெயரைத் தாங்கிய 'பெல்லரோஃபோன்' 1786இல் மெட்வே ஆற்றில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். 74 பீரங்கிகள் கொண்டது. அந்தப் பெயர் நாவில் படியாத மாலுமிகள் அதைப் 'பில்லி ரஃபியன்' ஆக்கிக்கொண்டனர். 1798இல் நைல் போரில், தன்னினும் மிகப் பெரிய பிரெஞ்சுத் தலைமைக் கப்பலான லோரியானுடன் மோதித் தன் மூன்று பாய்மரங்களையும் இழந்தது. 1805இல் டிரஃபால்கர் போரில் அதன் கேப்டன் ஜான் குக் மேல்தளத்திலேயே மாண்டார்.

ஆனால் அதன் புகழுக்குக் காரணம், பீரங்கி முழங்காத ஒரு காலைப்பொழுது. வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன், 1815 ஜூலை 15 அன்று ரோஷ்ஃபோர் துறைமுகத்துக்கு அப்பால் கேப்டன் மெய்ட்லண்டிடம் சரணடைந்தார். இங்கிலாந்தில் அடைக்கலம் கிடைக்கும் என்று நம்பியவரைக் கரையில் கால்வைக்கவும் விடவில்லை. ஆகஸ்ட் 7 அன்று, செயிண்ட் ஹெலினா தீவுக்குச் செல்லும் வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டனர்.

போர் ஓய்ந்ததும் பெல்லரோஃபோன் கைதிகளை அடைக்கும் மிதக்கும் சிறையாயிற்று. 1824இல் பெயரும் பறிபோனது; 'வாட்டர்லூ' என்ற போர்க்கப்பலுக்கு அதைச் சூட்டிவிட்டு, இதற்குச் 'சிறைவாசம்' என்று பொருள்படும் 'கேப்டிவிட்டி' என்ற பெயரை வைத்தனர். 1836இல் விற்று உடைத்தார்கள்.

பேரரசர் அதில் இருந்தது மூன்று வாரங்களே. பெயர் தெரியாத கைதிகள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதில் அடைபட்டுக் கிடந்தனர். வரலாறு அந்த மூன்று வாரங்களையே நினைவில் வைத்திருக்கிறது.