இராட்சத ரோபோ இலவசப் போர் விளையாட்டுகள்: புதியவர்கள் நுழைந்த வரலாறு

இராட்சத ரோபோ போர் விளையாட்டு என்பது பல மாடி உயரமுள்ள, நடக்கும் போர் எந்திரம் ஒன்றின் உள்ளே அமர்ந்து ஓட்டுவதாகக் கொண்டு, அதே போன்ற பிற எந்திரங்களோடு மோதும் கணினி அல்லது கைபேசி ஆட்டமாகும். இந்த எந்திரத்தை ஜப்பானியர் ‘மெக்கா’ என்றும் ஆங்கிலம் பேசுவோர் ‘மெக்’ என்றும் அழைக்கின்றனர். இவ்வகை ஆட்டங்கள் தொடக்கத்தில் மணிக்கணக்கில் காசு வாங்கின. பின்னர் நுழைவு இலவசமானது. அந்த இலவசத்துக்கு யார், எப்போது, எதனால் விலை கொடுக்கிறார்கள் என்பதே இவற்றின் வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இராட்சத ரோபோ புதிதல்ல. 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் இறுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றுசேர்ந்து பேருருவாக எழுந்து நிற்கும். ‘பவர் ரேஞ்சர்ஸ்’ தொடரும் தமிழ்க் குரலில் ஒளிபரப்பாகியிருக்கிறது. ஆனால் சிட்டி தானே சிந்திக்கும். மெக் அப்படியல்ல, ஓட்டுநர் இறங்கிவிட்டால் அது வெறும் இரும்பு. அந்த வகையில் அது சிட்டியைவிட, செய்யார் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரிக்குத்தான் நெருங்கிய உறவு.

மணிக்கணக்குக் காலம்

இவ்வகையின் மூலம் கணினியில் இல்லை. 1984-இல் அமெரிக்காவின் பாசா நிறுவனம் ‘பேட்டில்டிராய்ட்ஸ்’ என்ற பெயரில் பகடை உருட்டி, அறுகோணக் கட்டங்களில் காய் நகர்த்தும் ஆட்டத்தை வெளியிட்டது. ‘டிராய்ட்’ என்ற சொல்லுக்கு லூகாஸ்பிலிம் நிறுவனம் உரிமை கொண்டாடியதால் அது ‘பேட்டில்டெக்’ எனப் பெயர் மாறியது. அதே உலகை வைத்து 1989-இல் ‘மெக்வாரியர்’ என்ற கணினி ஆட்டம் வந்தது. 1990-இல் சிக்காகோ நகரில், ஓட்டுநர் அறை போன்ற கூண்டுகளை வலையமைப்பால் இணைத்து, கட்டணம் வாங்கி ஆடவிடும் மையம் திறக்கப்பட்டது. 1992-இல் ஜீனி என்ற தொலைபேசிவழிக் கணினிச் சேவையில் பலர் சேர்ந்து ஆடும் பேட்டில்டெக் ஆட்டம் தொடங்கியது. அச்சேவைக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகத்து 15 முதல்தான். பின்னர் ஊருக்கு ஊர் வந்த பிரவுசிங் சென்டர்களிலும் மணிக்கணக்குத்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுபவருக்குத் தோற்றுக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

இலவசம் வந்தபின்

நுழைவு இலவசம், பொருள்களுக்கு மட்டும் விலை என்ற முறையை 2000-களின் தொடக்கத்தில் தென் கொரிய நிறுவனங்கள் பரவலாக்கின. அந்நாட்டின் என்சி சாப்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘எக்ஸ்டீல்’ இம்முறையில் வந்த தொடக்ககால மெக்கா ஆட்டங்களுள் ஒன்று, 2010-இல் மூடப்பட்டது. 2012-இன் இறுதியில் ‘மெக்வாரியர் ஆன்லைன்’, ‘ஹாக்கன்’ ஆகிய இரண்டும் பொதுச் சோதனைக்குத் திறந்தன.

கனடாவின் பிரானா கேம்ஸ் உருவாக்கிய மெக்வாரியர் ஆன்லைன், புதியவரைச் சோதிப்பதில் பெயர் பெற்றது. இதில் எந்திரத்தின் கால்கள் ஒரு பக்கம் நடக்க, மேலுடல் வேறு பக்கம் திரும்பிச் சுடும். விசைப்பலகை காலுக்கு, சுட்டி மேலுடலுக்கு. பழகாதவர் எதிரியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நிற்பார். அடுத்தது சூடு. லேசர் சுடச்சுட எந்திரத்தின் வெப்பம் ஏறும்; எல்லை மீறினால் போர்க்களத்தின் நடுவே தானே அணைந்துவிடும். வழக்கமான ஆட்டம் 12 பேருக்கு 12 பேர். எந்திரம் அழிந்தால் அந்தச் சுற்றில் மறுபிறப்பு கிடையாது.

கால் எங்கே, உடல் எங்கே என்று புதியவர்களுக்குப் புரிவதில்லை என்று சொல்லி, 2013-இல் எந்திரத்தை வெளியிலிருந்து காணும் பார்வையை நிறுவனம் சேர்த்தது. ஓட்டுநர் அறைப் பார்வை மட்டுமே இருக்கும் என்று நம்பி முன்கூட்டியே பணம் கட்டியிருந்த பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது ஏமாற்று போலத்தான் தோன்றும். ஆனால் புதியவர்கள் வராவிட்டால் 24 பேரைச் சேர்ப்பதே கடினம்.

புதியவருக்கு இரவல் எந்திரங்கள் கொடுக்கப்படும். அவற்றின் ஆயுதங்களை மாற்ற முடியாது. முதல் 25 ஆட்டங்களுக்குக் கூடுதல் விளையாட்டுப் பணம் கிடைக்கும். அதைக் கொண்டு சொந்த எந்திரம் வாங்கலாம். எந்திரங்கள் 20 முதல் 100 டன் வரை நான்கு வகை. 100 டன்னைப் பார்த்து மயங்குவது இயல்பு என்றாலும், மெதுவாக நடக்கும் அது அணியைவிட்டுப் பின்தங்கிச் சிக்கிக்கொள்ளும். 40 முதல் 55 டன் வரையிலான நடுத்தர வகையில், பல இரவல்களை ஓட்டிப் பார்த்தபின் ஒன்றைத் தேர்வது நல்லது.

நம் பகுதிக்குத் தடையாக இருந்தவை வேறு. இதற்கு நல்ல வரைகலை அட்டையுள்ள கணினி வேண்டும். இதன் சேவையகங்களோ வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா ஆகிய பகுதிகளுக்கானவை. செய்யாரிலோ ஆரணியிலோ அழுத்திய விசை கடல் கடந்து போய்த் திரும்பும் தாமதத்தில் எதிரி நகர்ந்திருப்பார்.

கைபேசியும் காத்திருப்பும்

கைபேசி அந்தத் தடையைக் குறைத்தது. ரஷ்யாவின் பிக்சானிக் நிறுவனம் 2014-இல் ஐபோனுக்கும் 2015-இல் ஆண்ட்ராய்டுக்கும் ‘வாக்கிங் வார் ரோபோட்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இன்றைய ‘வார் ரோபோட்ஸ்’ இதுவே. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் சிற்றூர் மாணவர்களுக்கும் தரவு மலிவானது. ஆறு பேருக்கு ஆறு பேர், பத்து நிமிடம், பிடிக்க வேண்டிய சில நிலைகள். ஒரு ரோபோ அழிந்தால் கொட்டகையிலிருந்து அடுத்ததை இறக்கலாம். டெஸ்ட்ரியர் என்ற சிறு ரோபோவோடு தொடங்குபவர் சில நாள்கள் எளிதாகவே வெல்வார்.

பிறகு மேம்பாடு மெதுவாகும். ஆயுதம் ஒரு படி உயர முதலில் நிமிடங்கள், பின் மணிகள், அதன்பின் நாள்கள் என்று காத்திருக்க வேண்டும். தங்கம் என்ற விளையாட்டு நாணயத்தைச் செலவிட்டால் காத்திருப்பு சுருங்கும். தங்கத்தைச் சிறிதளவு ஆடிச் சேர்க்கலாம், உண்மைப் பணத்துக்கும் வாங்கலாம். சிக்காகோ கூண்டு வாசலிலேயே பணம் வாங்கியது. இது பொறுமை தீரும் இடத்தில் வாங்குகிறது. எனவே முதல் வாரத்தில் பணம் செலவிடாமல் இருப்பதும், பல ரோபோக்களைச் சிதறலாக உயர்த்தாமல் இரண்டு மூன்றில் கவனம் வைப்பதும் புதியவருக்கு உதவும்.

பணம் கட்டித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் இன்னொரு சிக்கல். பெல்ஜியம் 2018-இல் சில ஆட்டங்களில் இருந்த இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என அறிவித்தது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்மையாகக் குறிவைத்தவை பணம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டங்களை.

வாங்கிய ரோபோ வாங்கியவருக்குச் சொந்தமா என்பதற்கு ஹாக்கன் விடை சொன்னது. 2018 சனவரி 2 அன்று அதன் கணினிச் சேவையகங்கள் நிறுத்தப்பட்டன. ஆடிச் சேர்த்தவையும் காசு கொடுத்து வாங்கியவையும் ஒரே நாளில் பயனற்றுப் போயின. 1984-இன் பகடைப் பெட்டியை வைத்திருப்பவர் அதை இன்றும் விரித்து ஆடலாம். சீனாவின் அமேசிங் சீசன் நிறுவனம் 2025 சூலையில் ‘மெக்கா பிரேக்’ என்ற அடுத்த ஆட்டத்தைத் திறந்தது. இதற்கும் நுழைவு இலவசம்.