பழைய பெருங்கணினிகளின் பராமரிப்பு

பழைய பெருங்கணினிகளின் பராமரிப்பு என்பது 1950கள் முதல் 1970கள் வரை உருவாக்கப்பட்ட, ஓர் அறையை நிரப்பும் அளவுடைய கணினிகளை இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பணியாகும். தனி மின்னிணைப்பு, குளிரூட்டப்பட்ட அறை, உதிரிப் பாகங்கள், பயிற்சி பெற்ற பொறியாளர்கள் ஆகிய நான்கும் இதற்குத் தேவை. இவற்றுள் கடைசியானதே ஈடு செய்யக் கடினமானது.

இந்தியாவில்

மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய டிஃப்ராக் கணினி 1960இல் இயங்கத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதை வடிவமைத்தவர்களே பராமரித்தமையால் பழுது நீக்க வெளியாரை நம்ப வேண்டியிருக்கவில்லை.

இறக்குமதி செய்யப்பட்ட கணினிகளின் நிலை வேறு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 கணினி நிறுவப்பட்டது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பங்குகளைக் குறைக்க மறுத்த ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. நாடெங்கும் இருந்த அதன் கணினிகளின் பராமரிப்பை, 1975இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கணினிப் பராமரிப்புக் கழகம் (சி.எம்.சி.) ஏற்றது. இதனால் தயாரிப்பாளர் இல்லாத நிலையிலும் அக்கணினிகள் தொடர்ந்து பயன்பட்டன.

நடைமுறைச் சிக்கல்கள்

மின்சாரம்: பெரும்பாலானவற்றுக்கு மும்முனை மின்சாரம் தேவை. அமெரிக்காவில் 60 ஏர்ட்சு, இந்தியாவில் 50 ஏர்ட்சு என மின்னோட்ட அதிர்வெண் வேறுபடுவதால், நாடு மாற்றப்படும் இயந்திரத்துக்கு அதிர்வெண் மாற்றி வேண்டியிருக்கும்.

வெப்பமும் ஈரப்பதமும்: சென்னை, திருவள்ளூர் மாவட்டக் கடலோரம் போன்ற இடங்களில் ஈரமும் உப்பும் கலந்த காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் தூசியும் சேர்கிறது. வட்டின் மேல் மிக நெருங்கி மிதக்கும் படிப்பு முனைக்கு ஒரு தூசித் துகளே போதிய தடையாகும்.

மின்தேக்கிகள்: மின்பகுப்பு மின்தேக்கிகள் நெடுநாள் பயன்படுத்தப்படாவிடில் கெடுகின்றன. எனவே பழைய இயந்திரத்துக்கு முழு மின்னழுத்தத்தை உடனே தருவதில்லை. படிப்படியாக உயர்த்திச் சோதிக்கின்றனர்.

இயங்கு பாகங்கள்: துளை அட்டைப் படிப்பான், அச்சுப்பொறி ஆகியவற்றின் இரப்பர் உருளைகள் காலப்போக்கில் இளகிப் பிசுபிசுப்பாகின்றன. இவற்றைப் புதிதாக வார்க்க வேண்டும்.

இடமும் எடையும்: தரை எடையைத் தாங்க வேண்டும். வடங்களும் குளிர்காற்றும் செல்ல உயர்த்திய தளம் அமைக்க வேண்டும். இவற்றின் செலவு கணினியின் விலையை விஞ்சலாம்.

மீட்புப் பணிகள்

கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் ஐ.பி.எம். 1401 கணினிகள் இரண்டு மீட்கப்பட்டு இயக்கப்படுகின்றன. ஓய்வு பெற்ற ஐ.பி.எம். பொறியாளர்கள் இப்பணியில் பெரும்பங்கு வகித்தனர். இங்கிலாந்தில் கொலோசசு கணினியின் மறுவுருவாக்கம் 1993இல் தொடங்கி 2007இல் நிறைவுற்றது. மூல இயந்திரங்களும் வரைபடங்களும் பெரும்பாலும் அழிக்கப்பட்டிருந்தமையால், எஞ்சிய ஒளிப்படங்களையும் பழைய பொறியாளர்களின் நினைவையும் கொண்டே அது உருவாக்கப்பட்டது.

கழிவாதல்

பயன்பாட்டிலிருந்து நீங்கிய கணினிகள் உலோகத்துக்காக உடைக்கப்படுவது வழக்கம். இணைப்பு முனைகளின் தங்கப் பூச்சு இதற்கு ஒரு காரணம். இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகள் 2012 முதல் நடைமுறையில் உள்ளன. உடைக்கும் முன் கையேடுகள், மின்சுற்று வரைபடங்கள், நாடாக்கள் ஆகியவற்றைப் பிரித்துக் காப்பது குறைந்த செலவில் செய்யக்கூடியது. இவை இன்றி, காக்கப்பட்ட இயந்திரத்தையும் மீண்டும் இயக்குவது அரிது.

இவற்றையும் பார்க்கவும்

டிஃப்ராக்
வெற்றிடக் குழல்
மின்னணுக் கழிவு